ஆப்பிள் மரத்துக்காக அழுதது

அப்பாவைப் பொறுத்தவரை ஆப்பிள் என்பது ஆசுபத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாங்கும் பழம். மன்னாரில் அதற்குமேல் அதோடு அவருக்குச் சகவாசமில்லை. ஆனாலும் இத்தாலியின் பலெர்மோவில் அவர் வேலை செய்த வீட்டு எசமானியம்மா, சிஞ்ஞோரா, மலைப்பக்கத்துத் தோட்டத்திலிருந்த நான்கு கிழட்டு ஆப்பிள் மரங்களைக் காட்டி, கவனிக்கத் தெரியுமா என்று கேட்டபோது, பரம்பரை விவசாயி போலத் தலையாட்டிவிட்டார். சிஞ்ஞோராவின் கணவர் இறந்தபின் அவற்றில் யாரும் கைவைத்ததில்லை.

பாடம் போனில் நடந்தது. வீடியோவில் ஒரு தாடிக்காரர் இத்தாலி மொழியில் சொல்வார்; சின்னப் பையனான நான் தமிழில் சொல்வேன். பட்ட கொப்பை முதலில் எடு, உரசும் கொப்புகளில் ஒன்றை வெட்டு, நடுவில் வெளிச்சம் விழட்டும், எல்லாவற்றையும் ஒரே குளிர்காலத்தில் வெட்டித் தள்ளாதே. அப்பா கைவாளோடு ஏணியில். நான் கீழே, பேராசிரியர் தோரணையில்.

வசந்தத்தில் மரங்கள் இலையாகத் தள்ளின. பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. முதல் வருடம் அப்படித்தான் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். சிஞ்ஞோராவின் மகன் வீடியோ பார்க்கிறவர் அல்ல. சனிக்கிழமை மரங்களைத் தறித்து, தோட்டத்தையும் விற்பதாக முடிவுசெய்துவிட்டார். தோட்டம் போனால் அப்பாவின் வேலை போகும். வேலை போனால் இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க முடியாது. இதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, அவர்கள் வருமுன், அப்பா ஊர் வழக்கமொன்றைக் கையிலெடுத்தார். காய்க்காத மரத்தை ஒருவர் கோடாலியோடு மிரட்ட, மற்றவர் அதற்காகக் கெஞ்ச வேண்டும்; பயத்தில் மரம் காய்த்துவிடுமாம்.

"தம்பி, நீ கெஞ்சு. கொஞ்சம் உருக்கமாக் கெஞ்சோணும்."

கோயில் கிறிஸ்மஸ் நாடகத்தில் எனக்கு எப்போதும் ஆட்டு வேடம்தான். வசனத்தோடு கிடைத்த முதல் பாத்திரம் இது. விடுவேனா.

"இதாலை ஒரு பிரயோசனமுமில்லை. தறிக்கப்போறன்," என்று அப்பா கோடாலியை ஓங்கினார்.

"வேண்டாமப்பா, பாவமப்பா, வாற வருசம் காய்க்கும்," என்று அடிமரத்தைக் கட்டிக்கொண்டு அலறினேன். மூக்குச்சளியும் நடிப்பில் சேர்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துச் சிஞ்ஞோராவும் மகனும் வந்து நின்றார்கள். கோடாலியோடு தகப்பன், அலறும் பிள்ளை. மகன் போனை எடுத்தார்; பொலிசை அழைக்கத்தான் என்று இப்போது விளங்குகிறது. அப்பாவுக்குப் பதற்றத்தில் இத்தாலி வரவில்லை.

"நீ சொல்லு தம்பி, விளங்கப்படுத்து."

அழுகையை நிறுத்தினால் மரத்துக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே அழுதபடியே, பல்லரோச் சந்தையில் பொறுக்கிய இத்தாலியில் சொன்னேன்: அப்பா வெட்ட வரவில்லை, மரத்துக்கு ஒரு வருடம் கொடுங்கள், அது முயற்சி செய்கிறது, இலையைப் பாருங்கள்.

சிஞ்ஞோரா இலையைப் பார்க்கவில்லை. கோடாலியைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்ற அப்பாவைப் பார்த்தார். "இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்," என்றார் மகனிடம். "தோட்டம் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது."

அடுத்த வருடம் காய்த்தது. புள்ளி விழுந்த, பல் கூசும் காய்கள். அம்மா உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தந்தா. இன்றும் எந்த ஆப்பிளைக் கடித்தாலும் மனதுக்குள் அந்தச் சிஞ்ஞோராவுக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அன்றோ, பஸ்ஸில் திரும்பும்போது அப்பா என் கையை விடவேயில்லை.

"மரத்துக்குக் கேட்டிருக்குமோ அப்பா?"

"ஓம். நல்லாக் கேட்டிருக்கும்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். மரம்தான் எப்போதோ பின்னால் போய்விட்டதே, இவர் இன்னும் யாருக்காக நடிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.