ஒரு துணைக்கால் கூடுதல்

கல்லூரி விண்ணப்பத்தில் என் மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது, நியாயம். அப்பா என்ன படித்திருக்கிறார் என்று கேட்கவும் ஒரு கட்டம் இருந்தது. படிக்கப் போவது நானா, அவரா? எரிச்சலில் அதை வெறுமையாகவே விட்டு அனுப்பினேன்.

அறுபதுகளின் தொடக்கம். பி.யு.சி. இன்டர்வியூவுக்காகக் கறம்பக்குடியிலிருந்து அப்பாவும் நானும் திருச்சிக்கு பஸ் ஏறினோம். இடம் கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று மாமா வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு வக்கீல் மகள். எஸ்.எஸ்.எல்.சி. மார்க் புத்தகங்களை மாற்றிப் பார்த்துக்கொண்டோம். கணக்கில் எனக்கு இருபது மார்க் கூட. அவள் அம்மா அதே கல்லூரியில் படித்தவராம். அம்மாவும் மகளும் உள்ளே போனார்கள், இங்கிலீஷில் பேச்சும் சிரிப்பும் கேட்டது, ஐந்தே நிமிடத்தில் இடத்தோடு வெளியே வந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

அடுத்து நாங்கள். முதல்வரம்மா அந்த வெறும் கட்டத்தில் விரலை வைத்து, "அப்பா பட்டதாரியா?" என்றார்.

அப்பா நிமிர்ந்தார். "ஆமாங்கம்மா. மூணு ஏக்கரா புஞ்சை. பட்டா எம் பேர்லயே இருக்குங்க."

பக்கத்திலிருந்த இரண்டு ஆசிரியைகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. அப்பாமேல் கோபமில்லை. அந்தப் பட்டாவுக்காக அவர் தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தார் என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

"பட்டதாரின்னா காலேஜ்ல படிச்சவங்க, பெரியவரே" என்றார் முதல்வரம்மா. "வீட்டுல சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைங்க இங்கே திணறிப் போயிடுறாங்க."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்பன் படிச்சிருந்தாத்தான் பிள்ளைக்கு எடமுன்னா, மொதமொதல்ல படிச்ச அப்பன் எப்புடிங்கம்மா உள்ள வந்தாரு?"

வாயைப் பொத்தியிருந்த கைகள் கீழே இறங்கின. அந்தச் சூட்டிலேயே நானும் என் புத்தகத்தை நீட்டினேன். "இந்த மார்க்கும் வீட்டுல யாரும் சொல்லிக் குடுத்து வாங்கலைங்க. பாத்துட்டுச் சொல்லுங்க." துடுக்குத்தான். இன்றுவரை அதற்காக நான் வருந்தியதில்லை.

முதல்வரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "ஆபீசுல போய்ப் பேர் பதிஞ்சுக்கோ" என்றார்.

ஆபீசில் குமாஸ்தா விண்ணப்பத்தை என்னிடமே தள்ளினார். "அப்பா படிப்பு காலியா இருக்கே. இல்லைன்னு எழுதும்மா."

முழுக்க இங்கிலீஷில் இருந்த அந்தத் தாளில், அந்த ஒரு கட்டத்தை மட்டும் தமிழில் நிரப்பினேன்: பட்டாதாரி.

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பட்டதாரிக்கு ஒரு துணைக்கால் கூடிப்போச்சேம்மா. அடிச்சிடு."

"அடிக்க மாட்டேங்க" என்றேன். "அது எங்கப்பாவோட சொந்தக் கால்."