முந்நூற்றுப் பதினெட்டாம் இலக்கம்

என் அலுமாரியின் மேல்தட்டில், சேலைகளுக்கு அடியில், மரதன் ஓட்டக்காரர் நெஞ்சில் குத்தும் இலக்கத் துணி ஒன்று கிடக்கிறது. முந்நூற்றுப் பதினெட்டு. நான்கு மூலையிலும் சேப்டி பின்கள் போன கிழமை வரை குத்தியபடியே இருந்தன. துரு துணியில் ஊறிவிட்டது. வியர்வையில் நனைந்து காய்ந்த துணி விறைத்துப்போய் அப்பளம் மாதிரி மடங்க மறுக்கிறது. இப்படி ஒரு பொருளைக் கையில் எடுத்தால் நெஞ்சு கனக்க வேண்டும், கண் கலங்க வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வருவதில்லை. இருக்கிறதா என்று பார்ப்பேன், அலுமாரியைப் பூட்டுவேன், அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மச்சாள் என்று நான் சொல்வது என் அண்ணையின் மனைவியை; அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நீர்வேலியில் அண்ணையும் மச்சாளும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் கலியாணம் செய்யவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணைக்கு வாழைத்தோட்டம், எனக்கு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் உத்தியோகம். ஐம்பது வயதை எட்டிப்பிடிக்கும்போது மச்சாளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, வந்தது. டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இரண்டு கிழமை நடந்து பார்த்துவிட்டு, நடையென்றால் எப்போது வீடு வரும் என்று அலுப்பாயிருக்கிறது, ஓடினால் கெதியாய் முடியும் என்று ஓடத் தொடங்கிவிட்டார். வீட்டில் போடும் சோட்டிக் கவுனுக்கு மேலே அண்ணையின் பழைய சேட், காலில் என் கந்தோர்ச் சப்பாத்து. தனியாக ஓடினால் ஊர் சிரிக்கும், இரண்டு பேர் ஓடினால் பாதிச் சிரிப்புத்தான் என்று கணக்குச் சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். விடியக்காலையில், இரண்டு பக்கமும் வாழை நிற்கும் தோட்டவீதியில், அவர் முன்னால், நான் முனகிக்கொண்டு பின்னால். நான் களைத்து நின்றால் திரும்பிப் பாராமலே சொல்வார்: "நில்லாதையும் மச்சாள். நிண்டால் கால் யோசிக்கத் துவங்கியிடும்."

பருத்தித்துறைப் பக்கமாகக் கடற்கரையோரத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்தார்கள். தங்குவதற்கு விடுதி, நீர்ச்சறுக்கு, இராட்டினம், சீமெந்தில் செய்த டைனோசர், பிள்ளைகள் ஏறும் குட்டி ரயில். மச்சாளுக்கு அந்த இராட்டினத்தைக் கிட்ட நின்று பார்க்க ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் போனோம். வாசலில் நின்றவன் மரியாதையாகத்தான் கேட்டான், பிள்ளைகள் எத்தனை பேர் என்று. மச்சாள் சிரித்த முகத்தோடு, "பின்னாலை வருகினம்" என்றார். பிறகு வராத பிள்ளைகளுக்காகக் காத்து நிற்பவர் போல ஓரமாய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பஸ்தரிப்புக்குத் திரும்பி நடந்தார். நானும் நடந்தேன். 

அதே பூங்காவுக்குள்ளால் மரதன் ஓட்டம் நடக்கப்போகிறது என்று அடுத்த வருடம் யாரோ சொன்னார்கள். வாசலில் தொடங்கிக் கடற்கரை வீதியால் போய்த் திரும்பி, மிச்சத்தைப் பூங்காவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி முடிக்க வேண்டும். மச்சாள் அன்றே முடிவு செய்துவிட்டார். "ஓடிக்கொண்டு உள்ளுக்கை போனால் ஒருத்தரும் பிள்ளையளைக் கேக்கமாட்டினம்" என்றார். நாற்பத்திரண்டு கிலோமீற்றர் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. விண்ணப்பங்களை நான்தான் நிரப்பினேன், என்னுடையது முதலில், அவருடையது அடுத்து. ஏழு மாதம் ஓடினோம்.

ஓட்டத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு மத்தியானம், தேங்காய் துருவிக்கொண்டிருந்த மச்சாள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். மாரடைப்பு என்றார்கள். செத்தவீட்டில் நான் அழவில்லை. பந்தல்காரரோடு கதைத்தேன், வந்தவர்களுக்குக் கதிரை போட்டேன். ஊர்ப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்: "இவள்தான் அவளை ஓட வைச்சவள்." அண்ணை இரண்டடி தள்ளித்தான் நின்றார். அவர் காதிலும் அது விழுந்தது. மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னோடு தேவைக்கு மட்டுமே கதைத்தார். அவரும் அப்படித்தான் நினைக்கிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்கப் பயமாயிருந்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு என் அறைக்குள் போய்விடுவேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு முதல் நாள் தபாலில் ஒரு கடிதவுறை வந்தது. உள்ளே இரண்டு இலக்கத் துணிகள். அவற்றில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். எந்த எண் யாருக்கு என்று கூடவே ஒரு தாளில் அடித்திருந்தது. அடுத்த நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன் படைக்கும்போது, கத்தரிக்காய்ப் பொரியலுக்கும் கதலிப்பழத்துக்கும் பக்கத்தில் அண்ணை ஓர் இலக்கத் துணியையும் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடி போடாமல், உறைக்குள் மேலாகக் கிடந்ததை எடுத்திருக்கிறார். அவர் வைத்தது மச்சாளுடையதாகத்தான் இருக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன். எண்ணும் பெயரும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் முப்பது வருடமாக என் வேலை. அன்று நான் பார்க்கவில்லை.

துடக்கு வீட்டுக்காரி, சாவுத் தீட்டோடு, ஓடப்போவதா என்று ஊர் கேட்டது. அண்ணை ஓட்டத்துக்கு முதல் நாள் மட்டும் கேட்டார், "போறியோ?" என்று. "போறன்" என்றேன். உறையில் மிஞ்சியிருந்த துணியை நெஞ்சில் குத்திக்கொண்டு போனேன்.

அந்த ஓட்டத்தைப் பற்றி விறுவிறுப்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கடற்கரை வீதியில் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் தண்ணீர் கொடுத்தார்கள். துடக்கோடு கோயில் வாசலில் வாங்கக்கூடாது என்று வீதியின் மற்றப் பக்கத்தால் ஓடினேன். நா வறண்டது. பிறகு பூங்காவுக்குள் எட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அதே டைனோசர், அதே இராட்டினம், ஒலிபெருக்கியில் அதே பாட்டு. கரடி வேஷம் போட்ட ஒருவர் எனக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டினார். குட்டி ரயிலில் போன பிள்ளைகள் எனக்குக் கை காட்டினார்கள், நானும் காட்டினேன். வாசலில் நின்றவன் கை தட்டினான். ஒருவரும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை. இராட்டினத்தடியில் நின்று ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் நிற்கவில்லை. நின்றால் கால் யோசிக்கும். நடப்பவர்களை விடக் கொஞ்சம் வேகமாக, கடைசிக் கூட்டத்தோடு முடித்தேன்.

நீர்ச்சறுக்குப் பக்கத்தில் சீமெந்துத் திண்டில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. திரையில் 'மச்சாள்' என்று பெயர் வந்தது. எடுத்தேன்.

அண்ணைதான். மச்சாளின் போனை அவர் ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட்டு வைப்பது எனக்குத் தெரியும். "தங்கச்சி, இவவின்ரை போனுக்கு ஒரு செய்தி வந்திருக்கு" என்றார். "ஓடி முடிச்சிட்டாவாம். வாழ்த்துச் சொல்லிக் கிடக்கு."

நான் குனிந்து என் நெஞ்சைப் பார்த்தேன். முந்நூற்றுப் பதினெட்டு. "அண்ணை, படத்துக்கு முன்னாலை கிடக்கிறது எத்தினையாம் இலக்கம்?"

அவர் எழுந்து போகும் செருப்புச் சத்தம் கேட்டது. "முந்நூற்றிப் பதினேழு."

"அது என்ரை" என்றேன்.  போன் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது என் இலக்கம் படத்தடியில், விளக்குக்குப் பக்கத்தில், அண்ணை வைத்தபடியே கிடந்தது. அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போனோம். சாம்பல் இருந்த மண்முட்டியோடு அந்தப் பதினேழையும் அண்ணை கொண்டுவந்திருந்தார். மச்சாளின் துணி என் பையில் இருந்தது. மாற்றிக் கொள்ளுங்கள் என்று நீட்டினேன். அவர் தலையாட்டி மறுத்தார். "அது ஓடினது. உன்னட்டை இருக்கட்டும்." கடலுக்குள் முழங்காலளவு இறங்கிய பிறகு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார், "நீதானே அவவை ஓட வைச்சனி."

செத்தவீட்டில் கேட்ட அதே சொல்.  அவர் முட்டியைக் கையில் ஏந்தியபடி, "கால் நோ மாறீட்டுதோ?" என்று கேட்டார். ஒரு மாதத்தில் அவர் என் சுகத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓம் என்றேன். சாம்பல் உடனே கரைந்துவிட்டது. என் இலக்கம் மட்டும் கொஞ்சத் தூரம் மிதந்து போனது.

ஓட்டத்தின் முடிவுகள் இணையத்தில் இருக்கின்றன. மச்சாளின் பெயருக்கு நேரே ஓடி முடித்த நேரம் இருக்கிறது. என் பெயருக்கு நேரே, புறப்படவேயில்லை என்பதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள். பிழை திருத்தக் கோரி எத்தனையோ பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். இதற்கு மட்டும் எழுதவில்லை. அந்த நாளைப் பொறுத்தவரை அந்த இரண்டு வரியிலும் திருத்த ஒன்றும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

போன கிழமை மச்சாளின் போனுக்கு ஒரு செய்தி வந்தது, இந்த வருடமும் ஓட வருகிறீர்களா என்று. எனக்கு வரவில்லை. அண்ணை போனைக் கொண்டுவந்து அடுப்படி வாசலில் நின்றார். என்ன பதில் போடுவது என்று கேட்டார்.

"வாறாவாம் எண்டு போடுங்கோ" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினார். நான் போய் அலுமாரியைத் திறந்து, துருப்பிடித்த பின்கள் நான்கையும் கழற்றினேன்.