மூன்று கணக்குப் பாடங்களும் ஆர்லிஸ் ஹாவ்லிக்கும்

ஆர்லிஸ் ஹாவ்லிக்கோடு நான் இருபத்தேழு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் எங்கள் உயர்நிலைப் பள்ளியின் பாட ஆலோசகர். நான் அதே பள்ளியில் வெல்டிங் பட்டறை வாத்தியார். எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்பது அவள் மேஜையில் முடிவாகிறது. பட்டறையில் பிள்ளைகள் இல்லாமல் ஈ ஓட்டுகிற பிழைப்பு என்னுடையது. சண்டைக்கு வேறு காரணம் வேண்டுமா?

சண்டை என்றதும் கூச்சல் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் இந்த மூலையில் வயல் எரிந்தால்கூட யாரும் குரலை உயர்த்துவதில்லை. வியாழக்கிழமை மதியம் பள்ளியில் சில்லி என்கிற பீன்ஸ்-கறிக் குழம்பும், சினமன் ரோல் என்கிற பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் போடுவார்கள். அன்றைக்கு இருவரும் எதிரெதிரே உட்காருவோம். அவள் ரோலைப் பிய்த்து சில்லியில் தோய்த்துக்கொண்டே, "வெர்ன், அடுத்த வருஷம் உனக்கு நாலு பேருதான்" என்பாள்.

"மத்த இருபது பேரையும் ஸ்பானிஷ் வகுப்புல போட்டுப் பூட்டிட்டியாக்கும்?"

"காலேஜ்ல ஸ்பானிஷ் கேக்குறான். நானா கேக்குறேன்?"

அவ்வளவுதான். மிச்சம் அடுத்த வியாழக்கிழமை.

ஆனால் அவளுடைய செவ்வாய்க்கிழமையை நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு செவ்வாய் மாலை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோரோடு வந்து ஒன்பதாம் வகுப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பிள்ளைக்கு ஒரு தாள். அதில் நான்கு வருடத்துக்கும் கட்டங்கள். ஒரு பாடத்தை முடித்தால் ஒரு கிரெடிட்; பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்க இருபத்து நான்கு கிரெடிட் வேண்டும். ஆங்கிலத்தில் நான்கு, கணக்கில் மூன்று, அறிவியலில் மூன்று என்று அது நீண்டுகொண்டே போகும். ஒன்பதில் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினால் அது பன்னிரண்டில் வந்து கழுத்தைப் பிடிக்கும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே புரிகிறது? அதனால் அம்மா எழுத, அப்பா தலையாட்ட, பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லா ஊரிலும் அப்படித்தான்.

எங்கள் ஊரில் அது நடக்காது. ஆறு மணி ஆனதும் ஆர்லிஸ் கையைத் தட்டுவாள். "பெத்தவங்க எல்லாரும் சாப்பாட்டு அறைக்குப் போங்க. ஆப்பிள் பை இருக்கு, காபி இருக்கு. அரை மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுறேன்." எதிர்த்துப் பேசியவர்கள் உண்டு. பள்ளி வாரியத் தலைவரே ஒரு முறை தன் மகள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆர்லிஸ் அவருக்கு முன்னால் ஒரு காலித் தாளை வைத்து, "சேர்றது நீங்கதானே? பேரை எழுதுங்க" என்றாள். மனிதர் ஆப்பிள் பை சாப்பிடப் போய்விட்டார்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஆறு பிள்ளைகளில் மூத்தவள் ஆர்லிஸ். அவள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது யாரோ ஒருவர் அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் சமையலும் தட்டச்சும் எழுதிவிட்டார். அவளுக்கு வேதியியல் படிக்க ஆசை. முப்பத்தோரு வயதில், கையில் இரண்டு பிள்ளைகளோடு, மாலைக் கல்லூரியில்தான் அதைப் படித்தாள். இன்றைக்கு அறுபத்தொன்று. கணவர் ஜீன் எரிவாயு லாரி ஓட்டுகிறார். இரண்டு முறை மாவட்ட அலுவலகத்தில் பெரிய பதவி கொடுத்துப் பார்த்தார்கள். "அங்க பிள்ளைங்களே இல்லையே" என்று மறுத்துவிட்டாள். நிறைவான மனுஷி. தன் வேலையில் தப்பே வராது என்று நம்புகிறவள். அந்த நம்பிக்கையைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

போன மார்ச், அந்தச் செவ்வாய்க்கு ஆறு நாள் இருக்கும்போது அவள் என் பட்டறைக்கு வந்தாள். இருபத்தேழு வருடத்தில் அவள் அங்கே கால் வைத்தது நான்கு முறை இருக்கும். மூன்று முறை தீயணைப்புப் பயிற்சி.

"டெலேனி ஷாஃபுக்குக் கணக்குல ஒரு கிரெடிட் குறையுது" என்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

நான் சிரித்தேன். டெலேனி பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கில் அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி. ஆகஸ்டில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஜூன் முதல் தேதிக்குள் பட்டம் முடித்த சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் அடுத்தவருக்கு. அவளுடைய அம்மா ஜோலீன் தானியக் கிடங்கில் லாரி எடை போடுகிறாள். மகளுக்கு இடம் கிடைத்த கடிதத்தை எடைமேடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தாள். கோதுமை கொண்டுவருகிறவன் எவனும் அதைப் படிக்காமல் நகர முடியாது.

கெட்டிக்காரியாக இருந்ததுதான் வினை. டெலேனி அல்ஜீப்ராவை எட்டாம் வகுப்பிலேயே முடித்துவிட்டாள். அதனால் ஒன்பதில் நேராக வடிவியல், பத்தில் இரண்டாம் அல்ஜீப்ரா. எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவையும் சேர்த்து ஆர்லிஸ் அவளுடைய தாளில் கணக்குக்கு மூன்று டிக் போட்டுவிட்டாள்; அதற்கு மேல் டெலேனி கணக்கு எடுக்கவில்லை. ஆனால் எங்கள் மாவட்ட விதிப்படி, எட்டாம் வகுப்பில் படித்தது மேலே ஏற உதவுமே தவிர, கிரெடிட்டாக எண்ணப்படாது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா படித்த பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு இதைச் சொல்கிறவளே ஆர்லிஸ்தான். இந்த ஒருத்திக்கு மட்டும் மறந்திருக்கிறாள். ஒவ்வொரு அக்டோபரிலும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பதிவுகளைச் சரிபார்ப்பாள். டெலேனி விஷயத்தில் பதிவைப் பார்க்காமல் தன்னுடைய டிக்கையே பார்த்திருக்கிறாள். தன் கையெழுத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

"பிரின்ஸிபால் என்ன சொல்றாரு?"

"எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவைப் பதிவுல ஒரு வரி சேத்துடுங்க, யாரு பாக்கப் போறாங்கன்னாரு."

"சேத்துடேன்."

"இத்தனை வருஷத்துல பதினோரு பிள்ளைங்களுக்கு அது செல்லாதுன்னு சொல்லி, இன்னொரு கணக்குப் பாடம் படிக்க வெச்சிருக்கேன், வெர்ன். இப்ப நான் தப்புப் பண்ணேன்னதும் செல்லிடுமா?"

அவள் கையில் ஒரு கோப்பு இருந்தது. என்னுடைய கோப்பு. 'பட்டறைக் கணக்கு' என்று நான் நடத்துகிற பாடத்தைக் கணக்குக் கிரெடிட்டாக ஏற்க வேண்டும் என்று மூன்று முறை விண்ணப்பித்திருக்கிறேன். முதல் முறை, முக்கோணவியல் போதாது என்று திருப்பி அனுப்பினாள். சேர்த்து எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் அதைத் திறக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். நான் வைத்த கிளிப் அப்படியே துருப்பிடித்திருந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பழி வாங்குகிற சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். "கையெழுத்துப் போடு. நாளைக்கே அவளுக்கு ஆரம்பிக்கிறேன்" என்றேன்.

"தேவைப்படுதுன்னு கையெழுத்துப் போட்டா அதுக்குப் பேரு வேற. நல்லா இருந்தாத்தான் போடுவேன்."

"கெஞ்ச வந்தவ பேசுற பேச்சா இது?"

"கெஞ்ச வரல. இதைப் படிக்கப் போறேன்னு சொல்ல வந்தேன்" என்று கோப்போடு கிளம்பிவிட்டாள்.

சனியும் ஞாயிறும் உட்கார்ந்து என் பாடத்தில் இருந்த எல்லாக் கணக்குகளையும் போட்டுப் பார்த்திருக்கிறாள். சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை என்று ஜீன் பிறகு புலம்பினார். திங்கள் காலை என் மேஜையில் கோப்பு இருந்தது. "மூணு வருஷமா இதைத் திறக்காம வெச்சது என் தப்பு. நல்ல பாடம். வாரியத்துக்கு அனுப்புறேன், எல்லாப் பிள்ளைங்களுக்கும் சேத்து" என்றாள். கதவு வரை போய்த் திரும்பி, "பதினேழாவது கணக்குல உன் விடை தப்பு" என்றாள்.

போட்டுப் பார்த்தேன். தப்புதான்.

டெலேனியிடமும் ஜோலீனிடமும் அன்று மாலையே சொன்னாள். நானும் கூட இருந்தேன். அம்மாக்காரி அழுதாள். மகள் அழவில்லை; அவளுக்குக் கோபம்.

"தப்புப் பண்ணது நீங்க. அதுக்குத் தினமும் காலையில ஆறரைக்கு வந்து படிக்கிறது நானா? சனிக்கிழமையுமா?"

"ஆமா. அநியாயம்தான்" என்றாள் ஆர்லிஸ். "என்னால உன் பாரத்தை எடுத்துக்க முடியாது. பக்கத்துல உக்காந்து தூக்க முடியும். தினமும் நானும் வர்றேன். நீ போடுற கணக்கெல்லாம் நானும் போடுறேன், நீ எழுதுற பரீட்சையெல்லாம் நானும் எழுதுறேன்."

"அதனால எனக்கு என்ன லாபம்?"

"ஒண்ணும் இல்ல."

டெலேனி கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். ஆனால் அடுத்த நாள் ஆறரைக்கு வந்தாள்.

அதே நாள், செவ்வாய் மாலை, பெற்றோரை ஆப்பிள் பை சாப்பிட அனுப்புவதற்கு முன்னால் ஆர்லிஸ் எல்லோர் முன்னாலும் நின்று சொன்னாள்: "நான் ஒரு பிள்ளையோட தாளைத் தப்பாப் போட்டுட்டேன். யாருன்னு சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இனிமே என் டிக்கை நம்பாதீங்க. வருஷா வருஷம் பதிவை வாங்கி நீங்களே எண்ணிப் பாருங்க." எங்கள் ஊரில் இப்படி வெளிப்படையாகப் பேசினால் எல்லோரும் காலணியைப் பார்ப்பார்கள். பார்த்தார்கள். அறை முழுக்கக் காலணி. எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது, சொல்லத்தான் இல்லை. முந்தின இரவே வாரியம் கூடி ஒப்புக்கொண்டுவிட்டதால், அன்றைக்குத் தாளில் கணக்குக் கட்டத்துக்குக் கீழே முதல் முறையாகப் பட்டறைக் கணக்கும் இருந்தது. ஒன்பது பேர் எழுதினார்கள்.

மூன்று வாரம் டெலேனி ஆர்லிஸோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே பெஞ்சின் இரு முனைகளில் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். நான் நடுவில் நின்று சுவரிடம் பேசுவதுபோல் பாடம் நடத்துவேன். டெலேனி எதையும் ஒரு முறை சொன்னால் பிடித்துக்கொள்வாள். ஆர்லிஸுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டும். வெல்டிங் கம்பி அவள் பேச்சைக் கேட்காது. அவள் போட்ட ஒட்டைப் பார்த்தால் கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, அவள் முகமூடியை இறக்காமலேயே தீப்பொறியைப் பார்க்கப் போனாள். டெலேனி எட்டி அதை இழுத்து இறக்கிவிட்டாள். "கண்ணு போயிடும், மிஸஸ் ஹாவ்லிக்." அதற்குப் பிறகு தேவைக்குப் பேசினாள். தேவைக்கு மட்டும்.

மே மாதம் பதின்மூன்றாம் தேதி கடைசிப் பரீட்சை. எழுத்துப் பரீட்சையில் டெலேனிக்குத் தொண்ணூற்று நான்கு, ஆர்லிஸுக்கு எழுபத்தொன்று. மிச்சம் செய்முறை. என் நாய் கஸ்ஸுக்கு இடுப்பு போய்விட்டது. பிக்கப் வண்டியில் தாவி ஏற முடியவில்லை. வண்டியின் பின்தளம் தரையிலிருந்து முப்பத்து நான்கு அங்குலம். இருபது டிகிரி சாய்வில் கஸ் ஏறிப் போக ஒரு சாய்தளம் செய்ய வேண்டும். நீளத்தைக் கணக்குப் போட்டு, கம்பியை வெட்டி, கால் வைத்து ஒட்டி, வண்டியோடு சேர்த்து நிறுத்த வேண்டும். ஆளுக்கு ஒன்று.

டெலேனியுடையது தளத்தோடு விரல் நுழையாமல் பொருந்தியது. கஸ் ஏறிப் போய் வண்டியில் படுத்துக்கொண்டான். நான் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதி அவளிடம் கொடுத்தேன். அவள் அதை இரண்டாக மடித்து, மறுபடி விரித்துப் பார்த்து, மறுபடி மடித்தாள். வாசலில் ஜோலீன் எடைமேடைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் காரில் காத்திருந்தாள்.

பிறகு ஆர்லிஸுடையதை நிறுத்தினோம். கஸ் கீழே இறங்கி அதில் ஏறி, முனை வரை போய், இடைவெளியைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நீளம் காண சைன் போட வேண்டிய இடத்தில் டேன் போட்டிருக்கிறாள். மேல்முனை வண்டித் தளத்துக்கு இரண்டு அங்குலம் கீழே நின்றது.

ஆர்லிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அறுபத்தொரு வயதில், அத்தனை பிள்ளைகளைக் கணக்குப் பார்த்துக் கரை சேர்த்தவளுக்கு, அந்த இரண்டு அங்குலம் நன்றாகவே வலித்தது. நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். டெலேனி முந்திக்கொண்டாள்.

"ஏன் மிஸஸ் ஹாவ்லிக், வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்த்திருக்கலாம்ல?"

ஆர்லிஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு; அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டெலேனியும் சிரித்தாள். வெளியே ஜோலீன் ஹாரன் அடித்தாள்.

"போ, அம்மா கூப்பிடுறா. நீ முடிச்சிட்ட" என்றாள் ஆர்லிஸ்.

டெலேனி அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்தாள். முகமூடியை எடுத்து மாட்டினாள். இன்னொன்றை ஆர்லிஸிடம் நீட்டினாள்.

"அம்மா காத்திருப்பாங்க. உங்களை ஃபெயிலாக விட்டுட்டு நான் மட்டும் போறதா? பிடிங்க அந்த முனைய."