நிரப்பிக் கொடுத்த பானை

கருத்தையாவும் மகள் சிவரஞ்சனியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வீட்டு மோட்டாருக்கு, தண்டு வழியே ஒழுகாமல் அடைக்கும் சீலை மாற்றியது. இராஜபாளையத்து வீட்டின் பின்பக்கம், தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் ஒழுகிக்கொண்டே இருந்தது. அவள் சென்னையிலிருந்து விடுமுறையில் வந்திருந்தாள். பம்புகளுக்குச் சீல் தயாரிக்கும் கம்பெனியில் இன்ஜினீயர். அவர் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி வெளுக்கும் மில்லில் பம்பு ஃபிட்டர். அப்பனும் மகளும் ஏறக்குறைய ஒரே தொழில். ஆனாலும் வீட்டில் தொழிலைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

"ஏசியில உக்காந்து சீல் விக்கிற கைன்னு நல்லாத் தெரியுது. ஸ்பேனரைப் பூ மாதிரில்லா புடிக்கிற" என்றார் அவர்.

"நீங்க முறுக்குற முறுக்குல போல்ட்டு கண்ணீர் விடுது."

அடுப்படியிலிருந்து ஆனந்தவல்லியின் குரல் வந்தது. "கழத்தி மட்டும் போட்டுட்டுப் போயிராதீய ரெண்டு பேரும். சோறு வடிக்கத் தண்ணி இல்ல."

பழைய சீலை உருவி எடுத்துத் தண்டைத் துடைத்தார்கள். புதுசின் வழவழப்பான முகத்தில் விரல் படாமல் அவள் அதைப் பிடித்திருந்த பக்குவத்தை அவர் சற்று நேரம் பார்த்தார். பிறகுதான் கேட்டார். ரெட்டைச் சீல் போட்ட பெரிய பம்பில் பானை குறைந்துகொண்டே போனால், அவர்கள் கம்பெனியில் என்ன செய்யச் சொல்வார்கள்?

அந்த மில்லில் துணியை வேகவைக்கும் கொதிக்கிற காஸ்டிக் சோடாக் கரைசலை ஒரு பம்பு சுற்றவிடும். தோலில் பட்டால் வெந்துவிடும். அது வெளியே கசியாதிருக்க, தண்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீல்கள். இரண்டுக்கும் நடுவே கிளிசரின் கலந்த சுத்தமான தண்ணீர். பக்கத்தில் நிற்கும் இரும்புக் கலத்திலிருந்து அது வரும். நைட்ரஜன் சிலிண்டர் அந்தத் தண்ணீரைக் காஸ்டிக்கைவிடக் கூடுதல் அழுத்தத்தில் வைத்திருக்கும். உள்பக்கத்துச் சீல் தேய்ந்தாலும் நல்ல தண்ணீர்தான் காஸ்டிக்குக்குள் போகுமே தவிர, காஸ்டிக் வெளியே வராது. அந்தக் கலத்தைத்தான் மில்லில் எல்லோரும் பானை என்பார்கள். குறைந்தால் கைப்பம்பால் அடித்து நிரப்புவார்கள்.

"நெரப்புறது தப்பில்லப்பா. ஆனா எத்தன தரம் நெரப்புறோம்னு பாக்கணும். பானை குறையுறதுதான் சீலு நம்மகிட்டச் சொல்லுத சேதி. யாருக்கும் சொல்லாம நெரப்பிக்கிட்டே இருந்தா, ஒரு நா மொத்தமா விட்டுரும்" என்றாள்.

கருத்தையா ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அப்ப, அன்னைக்குப் பம்புல நின்ன இருளப்பசாமி மேல தப்பில்லையாட்டி?"

கருத்தையா வன்னியம்பட்டிக்காரர். அண்ணன்மார் இருவரும் பட்டாளத்துக்குப் போனார்கள். இவரை மார்பளவு போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். மில்லில் சேர்ந்தார். தான் ஒல்லியாகப் பிறந்ததே பம்புக்கு அடியில் நுழையத்தான் என்று தன்னையே கேலி செய்துகொள்வார். புறங்கையைப் பம்பின் மேல் வைத்து அதன் சூட்டைச் சொல்லிவிடுவார். எந்த வீட்டுக்குப் போனாலும் சொட்டுகிற குழாயை இறுக்கிவிட்டுத்தான் உட்காருவார்.

ரெட்டைச் சீல் பம்பு மில்லுக்கு வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு வந்தது. பானையைக் குறையாக வைத்து அடுத்த ஷிப்டுக்குக் கொடுக்கக் கூடாது என்ற பழக்கத்தை உண்டாக்கியவர் அவர்தான். யாரும் எழுதிவைத்த விதியல்ல. வேலை முடித்துப் போகிறவன் கைப்பம்பை நாலு அடி அடித்து, பானையின் அளவுக் கண்ணாடியில் பச்சைக்கோடு வரை ஏற்றிவிட்டுப் போவான். அதை வாயால் சொல்வதும் கிடையாது. பந்தியில் பக்கத்து இலைக்காரனுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப்போல அதுவும் ஒரு மரியாதை. வருகிறவன் எப்போது பார்த்தாலும் பானை நிறைந்திருக்கும்.

மூன்று ஷிப்டும் அடித்தது. சீல் தேயத் தேய நாலு அடி எட்டு அடியானது. யாருக்கும் மற்றவன் கணக்குத் தெரியாது.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், உள்சீல் அடியோடு விட்டது. பம்பில் நின்றவர் இருளப்பசாமி. கருத்தையா வீட்டில் கைநனைத்து வளர்ந்த சிநேகம். கருத்தையாவை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். பானை மளமளவென்று இறங்கியது. இருளப்பசாமி பம்பை நிறுத்தவில்லை. பழகிய கை கைப்பம்புக்குப் போனது. அவர் குனிந்து அடித்துக்கொண்டிருந்தபோதே பானை காலியாகி, காஸ்டிக் வெளிச்சீலைத் தாண்டிப் பீறிட்டது. வலது கை, தோள்வரை வெந்தது.

விசாரணையில் மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பானை இறங்குவது தெரிந்தும் ஏன் பம்பை நிறுத்தவில்லை? இருளப்பசாமி கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பக்கத்தில் கருத்தையா நின்றார். அந்தப் பழக்கத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நிறுத்தியிருக்கத்தானே வேண்டும் என்று அவரும் நினைத்தார். கவனக்குறைவு என்று முடித்து இருளப்பசாமியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயில் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு பார்க்கிறார். இடது கையால் டோக்கன் கொடுக்கிறார். இருவருக்கும் இடையே போக்குவரத்து நின்றுபோனது. சண்டை ஒன்றும் இல்லை. கருத்தையாவுக்கு அவர் மேல் ஒரு மனத்தாங்கல்; அவருக்கு இவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

மோட்டாரை மாட்டி முடித்து ஓட்டிப் பார்த்தார்கள். சொட்டு இல்லை. கருத்தையா அதைப் பார்க்கவே இல்லை.

"அந்தப் பழக்கத்த வச்சவன் நானுல்லா. அன்னைக்கு மேனேஜர்ட்ட, எல்லாரும் அப்பிடித்தான் அடிக்கோம், நாந்தான் சொல்லிக் குடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். அவன் இன்னிக்கும் தன் தப்புன்னுதான் நெனச்சிக்கிட்டிருப்பான். நேர்ல போயிச் சொல்லிட்டு வாரேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளுத்த வேட்டி கட்டிப் பஸ் ஸ்டாண்டு போனார். மில்லிலிருந்து போன் வந்தது, பம்பு நின்றுவிட்டதென்று. திரும்பிவிட்டார். அதற்கடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரே போய்விட்டார். கோயில் வாசல்வரை போய், ஸ்டாண்டில் இருளப்பசாமி நிற்பதையும் பார்த்துவிட்டு, பேசாமல் அடுத்த டவுன் பஸ்ஸில் ஊர் வந்தார். கல்யாணக் கூட்டமா இருந்துச்சு, பேச எடமில்ல என்று மகளிடம் போனில் சொன்னார். அவளுக்குப் புரிந்தது. சரி, அடுத்த வாரம் போங்க என்றாள். நானும் கூட வாரேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குக் கம்பெனியில் வேலை இருந்தது.

அந்த வாரம், காலையில் தூக்குச்சட்டியை வண்டியில் மாட்டிவிட்டு, செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன் என்றவர் எழுந்திருக்கவில்லை.

இருளப்பசாமி சேதி கேட்டு வந்திருந்தார். சட்டையின் முழுக்கையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தார். அதற்கு வெளியே தெரிந்த தோல் இழுபட்டு மினுமினுத்தது. சிவரஞ்சனிதான் அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"சித்தப்பா, அப்பா ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தாங்க."

அவர் முடிக்க விடவில்லை.

"எனக்குத் தெரியும் தாயி. அன்னைக்கு மேனேஜர் அம்புட்டுக் கேக்காரு, அண்ணன் எம்மேல ஒரு வார்த்த சொல்லல. பம்ப நிறுத்தாம விட்டது நாந்தான். அவியளுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் வாயத் தொறக்கல. ஊருல ஒருத்தன் எனக்காக நின்னாம்னா அது அண்ணன்தான்."

"அது அப்படி இல்ல சித்தப்பா."

"விடு தாயி. அதுதான் அவிய கொணம்."

சங்கு ஊதிவிட்டது. இருளப்பசாமி ஓடிப்போய் இடது தோளைக் கொடுத்தார். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொள்ள வேண்டும். சிவரஞ்சனியும் நின்றாள். சுடுகாட்டிலிருந்து அவர் அப்படியே பஸ் ஏறிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் ஆனந்தவல்லி சொன்னாள், ஒரு எட்டுப் போய்ச் சொல்லிட்டு வந்துரு, ஒங்கப்பாவுக்கு அதுதான் கொற. சிவரஞ்சனி சரி என்றாள். எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியும். இரண்டு சீல், நடுவில் தண்ணீர், எந்தப் பக்கம் அழுத்தம் கூடுதல். வாடிக்கையாளருக்குத் தாளில் வரைந்து காட்டுவதுதான். ஒவ்வொரு ஷிப்டும் நிரப்பிக் கொடுத்ததுதான் சீல் தேய்ந்ததை மறைத்தது என்று வரைந்து காட்டினால், தப்பு தன்னுடையதல்ல என்று இருளப்பசாமிக்குத் தெரிந்துவிடும். அதே தாளில், அந்தப் பழக்கத்தை உண்டாக்கிய அண்ணன் அன்று தனக்காக நிற்கவில்லை என்பதும் தெரிந்துவிடும். அப்பா போயிருந்தால் முதலாவதைக் கொடுத்து, இரண்டாவதற்கு மன்னிப்புக் கேட்டிருப்பார். அவளால் முதலாவதைத்தான் கொடுக்க முடியும். மன்னிப்பைக் கேட்க வேண்டியவர் அப்பா.

நாளைக்கு, நாளைக்கு என்று விடுமுறை தீர்ந்தது.

சாயங்கால ரயிலில் ஏறினாள். அடுத்த ஸ்டேஷன் ஸ்ரீவில்லிபுத்தூர். வண்டி நின்றது. இறங்கி ஆட்டோ பிடித்தால் மடவார் வளாகம் கொஞ்ச தூரம்தான். ஸ்டாண்டு அடைக்கும் நேரம் ஆகியிருக்காது. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்சீட்டுக்காரர், இறங்கணுமாம்மா என்று கால்களை ஒதுக்கி வழிவிட்டார்.

இல்லை என்றாள். வண்டி புறப்பட்டது.