நேற்றிலேயே நின்ற தேதி

1988 பங்குனியில் எங்கள் மரக்காணம் உப்பு அலுவலகத்தில் யூனிக்ஸ் கணினி அமைக்க வந்தவர், எதற்கும் கைதட்டிச் சிரிப்பார். லாரிச் சீட்டை அச்சடிக்கும் நீளமான கட்டளைக்கு ‘உப்பு’ என்று சுருக்குப்பெயர் வைத்தார். அதற்குள் இருந்த சிறு கட்டளை, கணினியிடம் தேதியைக் கேட்டு நிரப்பும்.

மறுநாள் சீட்டில் முந்தைய நாள் தேதியே வந்தது.

“செக்போஸ்ட்ல லோடை நிறுத்திடுவாங்கப்பா!” என்று டிரைவர் பதறினார்.

“சார், உங்க மெஷினு நேத்துலயே நிக்குதுங்க,” என்றேன்.

அவர் கைதட்டினார். “புடிச்சிட்டீங்களே! ரெட்டை மேற்கோள் போட்டதால, பேர் வச்சப்பவே தேதியக் கேட்டு உள்ள வச்சிக்கிச்சு. ஒத்தை மேற்கோள் போட்டா, இனிமே கூப்புடும்போதெல்லாம் கேக்கும், பாருங்க.”

கட்டளையைச் சுற்றியிருந்த இரட்டை மேற்கோளை ஒற்றையாக்கினார். அன்றைய தேதி வந்தது. டிரைவரும் கைதட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

தன் பிழை பிடிபட்டதற்கு அத்தனை மகிழ்ந்த மனிதரை நான் பிறகு பார்க்கவேயில்லை.