மீட்டர் கண்ணாடிக்குள் ஈ

இது நடந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜெசிந்தாவிடம் நேரில் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். சாப்பிடும் நேரத்தில் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. சளி, மலம், சீழ் என்று தினமும் கையாள்பவள். எதற்கும் முகம் சுளித்ததில்லை. திண்டிவனத்திலிருந்து போய்வர, கணவன் புகழேந்தி பழைய கார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தான்.

கார் வந்த பிறகு முதல் திங்கட்கிழமை. வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறாள். மாலை 4.20. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் ஸ்பீடு மீட்டர் கண்ணாடிக்குள் ஏதோ ஊர்ந்தது. ஈ. பச்சையாக மினுங்கும் தடித்த ஈ. மீன் கடையில் குடல்மேல் மொய்க்குமே, அந்த ஜாதி.

கண்ணாடியைத் தட்டினாள். பறக்கவில்லை. முன்கால்களைத் தேய்த்துக்கொண்டு, கண்ணாடியில் வாயை வைத்து நக்கியது. எச்சில் தடம் ஈரமாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு. அதே இடம். அதே நேரம்.

புதன்கிழமை எண்ணவே முடியவில்லை. முள்ளுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ நெளிந்தது... புழு. வேகவைத்த அரிசி மாதிரி. ஏசி காற்றில் இனிப்பும் அழுகலுமாக ஒரு வாடை. வாயைப் பொத்திக்கொண்டு வண்டியை விழுப்புரத்துக்கே திருப்பினாள்.

மெக்கானிக் ராஜ்குமார் மீட்டரைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கக்கா புழு? தூசிகூட இல்ல பாருங்க."

"இப்பதான் பாத்தேன் தம்பி. நெளிஞ்சிக்கினு இருந்துச்சு."

"எறும்பு போவக்கூட வழியில்லக்கா. நல்லா சீல் பண்ணது."

வாடையும் போயிருந்தது. மீட்டரைத் திரும்ப மாட்டிக் கொடுத்தான்.

மணி 5.50. மறுபடியும் அந்த டோல்கேட். தாண்டிய உடனே கண்ணாடியில் ஆவி படர்ந்தது. கையால் துடைத்தாள். போகவில்லை.

ஆவி உள்பக்கம்.

விரிந்தது... சுருங்கியது. விரிந்தது... சுருங்கியது.

மூச்சு.

நடுவே ஓர் இடம் மட்டும் தெளிவாக. உதட்டு அளவுக்கு. அதன்மேல் ஈக்கள். ங்ங்ங்...

அவள் உதட்டில் ஏதோ வந்து உட்கார்ந்தது.

கால்கள். ஈரம்.

ஸ்டீயரிங்கை விட்டுவிட்டாள்.

பின்னால் லாரியின் ஹாரன் அலறியது. கார் சாலையை விட்டு இறங்கி மண்ணில் புதைந்து நின்றது. கதவைத் திறந்து மல்லாட்டைச் செடி போட்டிருந்த கொல்லை ஓரமாக விழுந்து வாந்தி எடுத்தாள். முந்தானையால் உதட்டைத் துடைத்தாள், துடைத்தாள், தோல் உரிந்து ரத்தம் வரும்வரை.

மறுநாள் காலை புகழேந்தி, வண்டியின் பழைய சொந்தக்காரர் வீட்டுக்கு போன் போட்டான். அவர் மனைவி கிருஷ்ணவேணி எடுத்தாள்.

"அந்த வண்டியில ஏதாச்சும் நடந்துச்சாங்க?"



"எங்க ஊட்டுக்காரரு அதுலதாங்க செத்தாரு. டோல்கேட்டுக்கு அப்பால ஓரங்கட்டி நிறுத்தியிருக்காரு. பக்கவாதம். மீட்டரு மேலயே மூஞ்சி கவுந்து கெடந்துச்சு. ரெண்டு நாளு யாரும் பாக்கல."

புகழேந்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"மொத நாள் முச்சூடும் உசுரு இருந்துச்சின்னு டாக்டரு சொன்னாரு. வாயில ஈ மொச்சிக்கினு இருந்திருக்குது. அந்த ஈய ஓட்டக் கையி வரல அவருக்கு."

அவன் போனை வைக்கப் போனான்.

"இருங்க... அந்தப் பொண்ணு ஒதட்டுல வந்து உக்காந்துச்சா?"

ஜெசிந்தாவைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.