பாதிக் கூறு

எங்கள் நைனாவுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வலை இழுப்பதில் எங்கள் குப்பத்தில் அவருக்கு நிகர் கிடையாது. வேலை தெரிந்த மனுஷன் சும்மா உட்கார்ந்தார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில்தான் இறால் நன்றாகப் படும். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் அடிதடிதான் என்பதால் ஊரில் முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். எங்கள் ஊரில் கல்யாணமான ஆம்பளைக்குத்தான் பாடு கொடுப்பார்கள். சேர்ந்து போய்ப் பிடித்ததைக் கரையில் கொட்டி, தலைக்கு ஒரு கூறாகப் பிரித்துக்கொள்வார்கள்.

நைனா எங்களை விட்டுவிட்டு ஏரிக்கு அக்கரையில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்தார். தன் பாடு வரும் நாளுக்கு மட்டும் வருவார், கூறை அள்ளிக்கொண்டு தோணியேறிவிடுவார். அம்மா கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிச் சந்தைக்குப் போனாள். நாங்கள் மூன்று பெண்கள், நான் மூத்தவள். கஞ்சி ஒரு வேளையாகச் சுருங்கியதும் அம்மா பஞ்சாயத்தைக் கூட்டினாள். திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போகச் சொன்னவர்களும் உண்டு. "உள்ள போட்டுட்டாங்கன்னா? ஜெயில்ல குந்திக்கினு எறாவா புடிப்பாரு?" என்று அவர்களைக் கேட்டாள்.

கூறில் பாதி எங்களுக்கு, பாதி அக்கரைக்கு என்றது பஞ்சாயத்து. அங்கேயும் ஒரு கைக்குழந்தை இருந்தது. நைனா தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த பாடு நாளுக்கு ஆளே வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. கூறே இல்லாதபோது பாதியாவது, முழுசாவது!

மறுபடியும் அம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடியது.

"ஒடம்புக்கு முடில. வேலைக்கே போவல, எங்கேர்ந்து குடுக்கறது?" என்றார் நைனா. எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பளபளவென்று நின்றுகொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது. பஞ்சாயத்துப் பெரியவர் ஒருவர் அம்மா பக்கம் திரும்பி, "நீதான் யாவாரம் பண்றியேம்மா, அத்த வெச்சி ஓட்டிக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

பெண்கள் ஒதுங்கி நிற்பதுதான் வழக்கம். அம்மா நின்ற இடத்திலிருந்தே குரலை உயர்த்தினாள்.

"நான் ஒழைக்கறது என் பங்கு. அத்த நான் யாரையும் கேக்கல. இவரு பங்கு எங்கன்னுதான் கேக்கறேன். இவருக்குப் பாடு எப்ப குட்த்தீங்க? என்னைக் கட்டினப்புறந்தானே? குடும்பம் இருக்குதுன்னுதானே குட்த்தீங்க? குடும்பம் வாணாம்னா பாடும் வாணாம். அந்த எடத்துல என் தம்பி நிக்கட்டும்."

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். நைனா வராத நாளில் மாமா போவார், கூறு முழுசும் எங்களுக்கு. இப்படியே இருந்தால் பாடு வரிசையிலிருந்து நைனாவின் பேரையே எடுத்துவிடுவார்கள். பேர் போனால் அவர் ஊரில் ஆளே இல்லை, வேறு ஊரிலும் பாடு கிடைக்காது. அவர் முகம் கறுத்துப்போனதைப் பார்த்தேன்.

அடுத்த பாடு நாளில் எல்லாருக்கும் முன்னால் வலையோடு நின்றார். ஒடம்பு எப்போது தேறியதோ!

அம்மா வைராக்கியக்காரி, கரைக்கு வரமாட்டாள். நான்தான் கூடையோடு போவேன். நைனா கூறை இரண்டாகப் பிரித்து ஒன்றை என் கூடையில் கொட்டுவார். முகத்தைப் பார்க்கமாட்டார். பெரிய இறாலெல்லாம் அக்கரைப் பாதிக்குப் போகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். சரிபாதியாகத்தான் போடுவார், குறை சொல்ல வழியிருக்காது. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எனக்கு முதலில் பறந்தது நியாயம்தான். இன்றைக்கு யோசித்தால், அந்தக் கைக்குழந்தையும் அப்பனைப் பொறுக்கி எடுத்துப் பிறக்கவில்லை. ஊர் செய்தது சரி. ஆனாலும் கட்டாயத்துக்காகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நடக்கும்போது பிச்சை வாங்கின மாதிரி உடம்பு கூசும்.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல். நைனாவின் பாடு வந்த நாளில் எழுந்திருக்க முடியவில்லை. தங்கைகள் சின்னவர்கள். "எறா அழுவிப் போனாலும் போவட்டும்" என்று அம்மா வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் வாசலில் நைனா நின்றார். எங்களை விட்டுப் போன பிறகு அங்கே வந்தது அன்றைக்குத்தான். இறாலைத் தன் துண்டில் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதைக் கீழே வைத்த பிறகும் போகவில்லை.

"பெரியவ ஏன் வர்ல?"

"ஜொரம்" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

"எத்தினி நாளா?"

நான் போர்வைக்குள் அழுதேன். சந்தோஷமாக இருந்தது. இதைக் கேட்க இத்தனை காலமா என்று கோபமாகவும் இருந்தது. இறாலைக் கொடு என்று ஊர் கட்டளை போட்டிருந்தது. என்னைப் பற்றிக் கேள் என்று யாரும் போடவில்லை.